வீக்கத்தைத் தொடங்கிவைக்கும் புரதத்தை நிறுத்துவது எது?

கேள்வி (முதுகலை மாணவி, பாம்பன்):
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் வலையிலிருந்து கெளுத்தியைப் பிரித்தெடுக்கும்போது அப்பாவின் பெருவிரலடியில் அதன் முள் ஏறிவிட்டது. இரவுக்குள் மோதிரத்தைக் கழற்ற முடியாத அளவுக்குக் கை வீங்கியது. இரண்டாம் நாள் மருத்துவர் நெல்மணியளவு முள்துண்டு ஒன்றை எடுத்த பிறகுதான் வீக்கம் வடியத் தொடங்கியது. நோயெதிர்ப்பு மரபணுக்களை இயக்குவது என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் என்று படித்திருக்கிறேன். செல்லின் கருவுக்குள் புகுந்துவிட்ட அதனை வெளியேற்றுவது எது? புத்தகத்தில் ‘தானாக நின்றுவிடும்’ என்று மட்டுமே இருக்கிறது. அந்தத் ‘தானாக’ எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி (நுண்ணுயிரியல் ஆசிரியர், கீழக்கரை):
ஐயம் எழ வேண்டிய இடத்தில்தான் உங்களுக்கு எழுந்திருக்கிறது, அம்மா. 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களில், அந்த எதிர்ப்பொருளின் கப்பா இழைக்கான மரபணுவில் ஒட்டும் புரதமாக இதனைக் கண்டறிந்தார்கள். பெயரும் அதனால் வந்ததே. ஆனால் பெரும்பாலான செல்களில் இது முன்கூட்டியே உருவாகி, கருவுக்கு வெளியே, ஐ-கப்பா பி என்னும் புரதத்தின் பிடியில் காத்திருக்கிறது. முள்ளோடு நுழைந்த பாக்டீரியாவைச் செல்லின் ஏற்பிகள் உணர்ந்ததும், ஒரு கைனேஸ் நொதி ஐ-கப்பா பி ஆல்ஃபாவின் 32, 36ஆம் இடங்களிலுள்ள செரின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதன்பின் ‘இதைச் சிதை’ என்று குறிக்கும் யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் ஒட்டி, செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதனைச் சிதைத்துவிடுகிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் முடியும். விடுபட்ட என்எஃப்-கப்பா பி கருவுக்குள் சென்று டிஎன்ஏயில் ஒட்டி, டிஎன்எஃப், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 முதலிய அழற்சியைத் தூண்டும் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது.

அவ்வாறு அது இயக்கும் மரபணுக்களுள் ஐ-கப்பா பி ஆல்ஃபாவின் மரபணுவும் ஒன்று. புதிதாக உருவாகும் ஐ-கப்பா பி கருவுக்குள்ளேயே வந்து, என்எஃப்-கப்பா பியை டிஎன்ஏயிலிருந்து பெயர்த்து வெளியே கொண்டுபோகிறது. எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இதுதான்: தன்னைக் கட்டிப்போடும் கயிற்றைத் தானே திரிக்கும் புரதம் அது. ஆனால் தூண்டுதல் நீடிக்கும்வரை புதிய ஐ-கப்பா பியும் சிதைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான், ஆய்வகத்தில் உயிருள்ள செல்களில் ஒளிரும் புரதத்தை இணைத்துப் பார்த்தபோது, என்எஃப்-கப்பா பி ஏறத்தாழ 100 நிமிடங்களுக்கு ஒருமுறை கருவுக்குள் போய் வந்தது.

மறுமொழி (மருத்துவர், ராமநாதபுரம்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். குத்திய சில நிமிடங்களில் வரும் வீக்கத்துக்கு மரபணு இயங்க வேண்டியதில்லை. முள்ளின் நஞ்சும், தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில் ஏற்கெனவே சேமித்து வைக்கப்பட்டுள்ள, வீக்கம் தரும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளும் அதற்குப் போதும். என்எஃப்-கப்பா பியின் வேலை அதன்பிறகு மணிக்கணக்கில் தொடர்வது. ஏ20 என்னும் இன்னொரு புரதத்தையும் அது உருவாக்கச் செய்கிறது. அது தூண்டுதல் வரும் வழியையே மேல்முனையில் அடைக்கிறது.

கடற்கரை ஊர்களில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீக்கம் குறைய வேண்டும் என்று நீங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு என்எஃப்-கப்பா பியின் வேலையை அடக்குவதால் கையின் வீக்கம் வற்றும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். கடல்நீர்க் காயத்தில் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சில மணிநேரத்திலேயே பரவக்கூடும். கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி, ஐயா. முள்துண்டு உள்ளே இருந்தவரை, புதிதாக உருவான ஐ-கப்பா பியும் மீண்டும் மீண்டும் சிதைந்துகொண்டே இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாளை மீண்டும் காயத்தைக் காட்டச் சொல்கிறேன்.