வாழ்த்தட்டையில் தைக்கும்போது தாள் கிழிகிறது, தைத்து முடித்தால் வளைகிறது: உதவி தேவை

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். வரும் பொங்கலுக்கு உறவினர்களுக்கு அனுப்புவதற்காக, தாளின் மேல் நூலால் தைத்த வாழ்த்தட்டைகளைச் செய்துகொண்டிருக்கிறேன். துணியில் எம்பிராய்டரி செய்து பழகிய கைதான் என்றாலும், தாளில் இரண்டு தொல்லைகள் விடாமல் வருகின்றன.

முதலாவது கிழிசல். கரும்பையும் பானையையும் பின்தையலில் தைக்கும்போது சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் அட்டையின் கீழ்விளிம்பில், நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போர்வையில் நாம் காணும் சிவப்பும் கறுப்புமான பட்டையைப் போல நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினால், பாதி முடிவதற்குள் துளைவரிசை நெடுகத் தாள் பிய்ந்து, பட்டை தனியே கையோடு வந்துவிடுகிறது. பானைக்கு மேலே வரும் சூரியனிலும், கதிர்கள் எல்லாம் வந்து கூடுகிற நடுத்துளை பெருத்து ஓட்டையாகிவிடுகிறது.

இரண்டாவது வளைவு. தையலின் பின்பக்கம் தெரியாமலிருக்க உள்ளே ஒரு மெல்லிய தாளை வெள்ளைப் பசை தடவி ஒட்டுகிறேன். ஒட்டியவுடன் நேராக இருக்கும் அட்டை, மறுநாள் காலையில் உட்புறமாகக் குழிந்து கிடக்கிறது.

தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை). ஆறிழை நூலில் மூன்றிழையைப் பிரித்துக் கோக்கிறேன். ஊசி 7ஆம் எண். ஐப்பசி பிறந்ததிலிருந்து இங்கே மழையும் மூடுபனியும் மாறி மாறி வருவதால், ஜாடியிலுள்ள உப்புகூட நீர்விட்டுக் கிடக்கிறது. குறை தாளிலா, ஊசியிலா, இந்தக் காற்றிலா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (குன்னூர்)

வணக்கம் சகோதரி. 200 ஜிஎஸ்எம் தாள் தையலுக்கு மெலிவு. 250 முதல் 300 வரை உள்ள அட்டையை வாங்கிப் பாருங்கள். எனக்கு அதிலேயே கிழிசல் நின்றுவிட்டது.

பதில் (கொடைக்கானல்)

கனமான அட்டை உதவும் என்பது சரிதான். ஆனால் சகோதரி சொல்லும் பட்டை 300 ஜிஎஸ்எம் அட்டையிலும் கிழியும் என்றே நினைக்கிறேன்.

தோடர் தையல் துணியின் இழைகளை எண்ணித் தைப்பது. அங்கே ஊடும் பாவும் விலகி ஊசிக்கு வழிவிட்டு, ஊசி போனதும் மீண்டும் கூடிக்கொள்கின்றன. தாளில் விலகிக்கொடுக்க இழை எதுவும் இல்லை. ஊசி நாரை அறுத்துக்கொண்டுதான் போகிறது, இட்ட துளை இட்டதுதான். பட்டையின் அகலத்துக்குக் குறுக்காகச் சிறு தையல்களை அடுக்கும்போது மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என நெருக்கமான துளைகள் நேர்கோட்டில் அமைந்து, தபால்தலைகளைக் கிழிப்பதற்கென்றே இடும் துளைவரிசை போல வேலை செய்துவிடுகின்றன.

ஆகவே தையலின் திசையை மாற்றுங்கள். பட்டையின் நீளவாக்கில், மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள தையல்களாக நூலை ஓட்டினால் துளைகள் முனைகளில் மட்டுமே விழும். அந்த முனைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்காமல், செங்கல் கட்டுவரிசையில் வருவதுபோல முன்னும் பின்னுமாக இருக்கட்டும். நீண்ட நூல் தளர்ந்து தொங்காதிருக்க இடையிடையே குறுக்கே ஒரு சிறு தையலிட்டுக் கட்டிவிடலாம். பார்வைக்கு நெருக்கமான பட்டையாகவே தெரியும்.

சூரியனுக்கு ஒரே நடுப்புள்ளி வேண்டாம். ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டத்தை வரைந்து, ஒரு கதிரை வட்டத்தின் மீதும் அடுத்ததைச் சற்று வெளியிலும் முடியுங்கள். நடுவில் மிஞ்சும் வெற்றிடத்தில் ஒரு மஞ்சள் சமிக்கியை ஒட்டிவிட்டால் போதும். மற்ற இடங்களிலும் துளைக்குத் துளை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுவது நல்லது.

ஊசியைப் பொறுத்தவரை எண் கூடக்கூட ஊசி மெலியும்; 9 அல்லது 10ஆம் எண்ணும், இரண்டிழை நூலும் எடுங்கள். தைத்துக்கொண்டே குத்தாமல், டிரேசிங் பேப்பரில் வரைந்த படத்தை அட்டையின் மேல் வைத்து, அடியில் பழைய ரப்பர் செருப்பின் தட்டையான அடிப்பகுதியை வைத்து, எல்லாத் துளைகளையும் முன்பக்கத்திலிருந்தே முதலில் குத்திவிட வேண்டும். நூலை இழுக்கும்போது தாளுக்குச் செங்குத்தாக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் நூல் துளையின் ஓரத்தை அறுக்கும். நூல் நுனிக்கு முடிச்சுப் போட்டால் அது முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும் என்பதால், பின்புறம் சிறு காகித நாடாவால் ஒட்டினாலே போதும்.

இதோடு ஒன்று: தோடர் எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பட்டையை விரும்பித் தைக்கலாம். அட்டையின் பின்னால் அந்தப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. திசையை மாற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை. குன்னூர்ச் சகோதரி சொன்னபடி 300 ஜிஎஸ்எம் அட்டையும் வாங்கினேன். அதை மடித்தால் மடிப்பு வெடித்து வெள்ளை நார் தெரிகிறது. வளைவும் தீரவில்லை.

பதில் (உதகை)

நான் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மடிப்பு வெடிப்பதற்கும் அட்டை வளைவதற்கும் மூலம் ஒன்றுதான் அம்மா: கிரெயின். ஆலையில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் கூடாது, பருமனில் ஊதும். எனவே தாளும் நாருக்குக் குறுக்குத் திசையில்தான் அதிகம் விரியும், காய்ந்தால் அதே திசையில் சுருங்கும். உள்தாளின் ஒரு முகம் முழுவதும் தண்ணீர்ப் பசையைத் தடவி ஒட்டினால், விரிந்து ஒட்டிய உள்தாள் காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது.

திசையை அறிய, தாளில் இரண்டு விரல் அளவுக்கு ஒரு சதுரத்தை வெட்டி ஒரு முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். உடனே சுருளும், சுருளின் குழல் நீளும் திசையே நாரின் திசை. மடிப்பு அதற்கு இணையாக வர வேண்டும். மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து, எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடிட்டால் மடிப்பு வெடிக்காது. உள்தாளின் நாரும் அதே திசையில் இருக்கட்டும்.

பசையை விட்டுவிட்டு டபுள் சைடு டேப்பை ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். இன்னும் எளிய வழி, அட்டையையே மூன்று பாளமாக மடியும் நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி, நடுப்பாளத்தில் தைத்து, ஒரு பக்கப் பாளத்தைப் பின்னால் மடித்து மூடிவிடுவது. அப்போது இரு பக்கமும் ஒரே தாள், ஒரே கிரெயின்.

காற்றையும் விட்டுவிட முடியாது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எங்களுக்கு இருப்பதைவிடக் கடுமை. ஈரமேறிய தாள் வலுக்குறைந்து எளிதில் கிழியும். மூடி இறுக்கமான தகர டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிகா ஜெல் பையுடன் தாளை வைத்து, அன்றன்று வேண்டியதை மட்டும் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்

சோதித்துப் பார்த்தேன் ஐயா. கடையில் வெட்டிக் கொடுத்த அட்டையில் நார் மடிப்புக்குக் குறுக்கே ஓடியிருக்கிறது. பெரிய தாளாக வாங்கித் திசை பார்த்து மூன்று பாளமாக வெட்டியதில் மடிப்பு வெடிக்கவில்லை. மழை விடாத இந்த வாரத்திலும் அட்டை நேராகவே நிற்கிறது. நீளவாக்கில் தைத்த பட்டையும் கிழியவில்லை. கருஞ்சிவப்பு நூல் மட்டும் அட்டையில் சாயம் விடுமோ என்று ஐயமாக உள்ளது.

பதில் (கொடைக்கானல்)

நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை தெரிந்தால், சாயம் நிற்கும்வரை தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு கோத்துக்கொள்ளுங்கள். உறையில் இடும்போது தையலின் மேல் ஒரு பட்டர் பேப்பரை வையுங்கள். சமிக்கி உறையில் உரசிப் பெயராது.