திருமண அழைப்பிதழை வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

கேள்வி: பாம்பன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வருகிற வைகாசியில் திருமணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், உறவினர் அனைவரும் ஊரில் இருப்பார்கள். ஆனால் அந்த 61 நாள்களும் எங்கள் வீட்டுக்கு வருமானம் கிடையாது. எங்களுக்கு வேண்டியது 200 அழைப்பிதழ்கள்தான். இந்த எண்ணிக்கைக்கு அச்சகத்தில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. கணினியில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியும். வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவித்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா உறுதியாக இருக்கிறார். பனையோலையில் செய்யலாமா என்றும் ஓர் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ராமநாதபுரத்திலிருந்து ஒருவர்

சகோதரிக்கு வணக்கம். நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன். ஆப்செட் முறையில் தகடு தயாரித்து இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவரும் செலவு 200 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் குறைந்த எண்ணிக்கைக்கு விலை கூடுகிறது.

வடிவமைப்பை வீட்டில் செய்யுங்கள், அச்சை மட்டும் லேசர் பிரிண்டர் உள்ள ஜெராக்ஸ் கடையில் எடுங்கள் என்பதே என் யோசனை. சாதாரண இங்க்ஜெட் மையின் மீது ஈர மஞ்சள் பட்டால் எழுத்து கசிந்துவிடும். லேசர் அச்சில் தூள் மை சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் நான்கு பக்க அழைப்பிதழ்கள் இரண்டு கிடைக்கும். எனவே 100 அட்டைகளும், வீணாவதற்கென்று ஒரு பத்தும் போதும். 200 அல்லது 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டையே தாராளம். 300 ஜிஎஸ்எம் அட்டை சில இயந்திரங்களில் சிக்கிக்கொள்ளும். உறையோடு சேர்த்தாலும் எடை 20 கிராமைத் தாண்டாது என்பதால், வெளியூருக்குச் சாதாரணத் தபாலிலேயே அனுப்பிவிடலாம்.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்து, அந்த எழுத்துரு கடைக் கணினியில் இல்லாமல் போனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக எழுத்து சிதறிவிடும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தேதியையும் கிழமையையும் நாள்காட்டியை வைத்துச் சரிபாருங்கள். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பதில்: கீழக்கரை வாசகர்

மேலே சொன்னவரோடு முழுவதும் உடன்படுகிறேன். எங்கள் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழும் இப்படித்தான் தயாரானது. மடிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்தது என்று காட்டிக்கொடுப்பதே அதுதான். அட்டையை அப்படியே கையால் மடித்தால் முதுகில் வெடிப்பு விழுந்து வெள்ளை தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலின் ஓரமாக ஒருமுறை அழுத்தி இழுத்து, கோடு பள்ளமாகப் பதிந்த பிறகு மடியுங்கள். பிறகு ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். வெட்டும் வேலையைக் கத்தரிக்கோலிடம் விடாமல், பைண்டிங் கடையில் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.

நம் கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். வெட்டிய அட்டையை இரவு முழுவதும் திறந்து வைத்தால் காலையில் சுருண்டு கிடக்கும். பாலித்தீன் பையில் கட்டி, மேலே கனமாக ஏதாவது வையுங்கள்.

பதில்: சாயல்குடியிலிருந்து

பனையோலையை 200 பேருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவில் நறுக்கி முடிப்பதற்குள் முகூர்த்தமே வந்துவிடும். தாம்பூலத்தோடு நேரில் போய் அழைக்க வேண்டிய பத்துப் பதினைந்து வீடுகளுக்கு மட்டும், ஓலை முடைபவர்களிடம் சிறு கொட்டான்களை (ஓலைப் பெட்டிகளை) வாங்கி, அதில் அழைப்பிதழையும் வெற்றிலை பாக்கையும் வைத்துக் கொடுங்கள். இந்தப் பக்கம் முடைபவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். சோப்புப் போட்ட ஈரக் கை பட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்பதால், தடவுகிறவர் கையை நன்றாக அலசித் துடைத்துக்கொள்ள வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் மொட்டை மாடியில் உலர்த்தாதீர்கள். மணல் வந்து மஞ்சளில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. லேசர் அச்சு என்றே முடிவு செய்துவிட்டோம். பெயர் வரிசையை அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால்தான் பிடிஎஃப்.