பழைய நோர்டிக் (வட ஐரோப்பிய) இசையை நேரில் கேட்டவர்கள் பகிருங்கள்

நோர்வேயின் பெர்கன் நகரில் வார்ட்ரூனா என்ற இசைக்குழுவைக் கேட்டேன். வில்லால் வாசிக்கும் யாழான டாகல்ஹார்ப்பாவில் வில் பட்டதும் அரங்கமே அடங்கிவிட்டது. நரம்பும் குதிரைவால் மயிர், வில்லும் குதிரைவால் மயிர். இரண்டும் உரசும்போது வயலினின் வழவழப்பு வராது. கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து எழுவதுபோல் ஒலிக்கிறது. விரல்களின் பின்புறத்தால் நரம்பைத் தொட்டுத்தான் சுரத்தை மாற்றுகிறார்கள். அதற்கு அடியில் மின்னணு இசையின் கனத்த கார்வை, மேலே ஆட்டுக்கொம்பு.

குழுவை 2003-இல் தொடங்கிய ஐனார் செல்விக், அதற்கு முன் பிளாக் மெட்டல் என்ற கடும் ராக் இசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். வட ஐரோப்பாவின் பழைய எழுத்துமுறையான ரூனின் 24 எழுத்துகளுக்கும் இசையமைத்து 2009, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகளாக வெளியிட்டார். வைக்கிங் காலத்து (சுமார் 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) மெட்டு ஒன்றுகூட எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. ஸ்காண்டிநேவியாவில் சுரக்குறிப்போடு கிடைத்த மிகப் பழைய மதச்சார்பற்ற பாட்டே, சுமார் 1300-இல் ரூன் எழுத்தில் எழுதப்பட்ட ஒரு சட்டச் சுவடியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரிகள்தான். கருவி இருக்கிறது, பாட்டு இல்லை. அந்த இடத்தைப் புதிய இசையால் துணிந்து நிரப்புவதில் எனக்கு முழுச் சம்மதம். பழையது என்று பொய் சொல்லாதவரை அது கலப்படம் ஆகாது.

மற்றவர்களின் அனுபவம் என்ன?

——

உங்கள் கருத்தை ஏற்கிறேன் அண்ணா, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வில்லால் வாசிக்கும் யாழ் வைக்கிங் காலத்தது என்று பலர் எழுதுகிறார்கள். வட ஐரோப்பாவில் வில் பரவியதே அந்தக் காலத்தின் கடைசியில்தான். அதற்கு முன் இருந்தது விரலால் மீட்டிய யாழ். ஸ்வீடனின் கோட்லண்ட் தீவில் அந்த யாழின் நரம்புகளைத் தாங்கும் பாலம் ஒன்று, அம்பரால் (கல்லாக இறுகிய மரப்பிசினால்) செய்தது, கிடைத்திருக்கிறது.

எனக்கு மறக்க முடியாதது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகம். 1797-இல் புருடவெல்டே சதுப்பு நிலத்தில் கிடைத்த ஆறு வெண்கல லூர்கள் அங்கே இருக்கின்றன. வளைந்து நெளிந்து ஆளுயரத்துக்கு நிற்கும் ஊதுகொம்புகள், ஒன்றுக்கொன்று எதிர்ப்புறம் வளைந்த ஜோடிகளாக. வைக்கிங்குகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை. அவற்றை ஊதிய பழைய ஒலிப்பதிவையும் கேட்டேன். கரடுமுரடாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். டிராம்போன்போல அத்தனை மென்மை, அத்தனை உருண்டை. மரத்தையும் எலும்பையும் மட்டும் மேடையேற்றும் குழுக்கள் லூரையும் கையில் எடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஏங்குகிறேன்.

——

பெரிய மேடைகள் எதற்கும் நான் போனதில்லை. நோர்வேயின் டெலமார்க் பகுதியில் ஒரு பெரியவர் வசந்த காலத்தில் வில்லோ மரக்கிளையிலிருந்து குழல் செய்ததைப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் மரத்தில் சாறு ஏறி, பட்டை கிழியாமல் கழன்றுவரும். விரல் துளையே கிடையாது. நுனியை விரலால் மூடியும் திறந்தும், மூச்சின் வேகத்தை மாற்றியுமே முழு மெட்டும் வருகிறது. சில சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு நடுவே விழும். முதலில் பிசகுபோலக் கேட்கும், பிறகு அதுவே பிடித்துப்போகும்.

பட்டை காய்ந்தால் குழல் போய்விடும். அதனால் இப்போது பலர் பிளாஸ்டிக் குழாயில் செய்து ஆண்டு முழுவதும் வாசிக்கிறார்கள். அந்தப் பெரியவரிடமும் ஒன்று இருந்தது. தாராளமாக வாசிக்கட்டும், கருவி அடுத்த தலைமுறையின் கையில் இருக்க வேண்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் போதாது.