அலுவலகக் காப்பீட்டை விட்டுவிட்டு, கிறிஸ்தவ மருத்துவச் செலவுப் பகிர்வு ஊழியத்தில் சேரலாமா?

கேள்வி: டெக்சாஸ் சகோதரர்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் டாலஸ் நகருக்கு வடக்கே வசிக்கிறோம். நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் எனக்கான மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கட்டிவிடுகிறது. ஆனால் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் மாதம் 1,180 டாலர் என் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. அதன் பிறகும் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை எங்கள் கையிலிருந்து செலவழித்த பின்னரே காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும்.

எங்கள் சபையில் மூன்று குடும்பங்கள் காப்பீட்டை விட்டுவிட்டு, மெடி-ஷேர், சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ் போன்ற, உறுப்பினர்கள் ஒருவர் மருத்துவச் செலவை ஒருவர் பகிர்ந்துகொள்ளும் ஊழியங்களில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் மாதந்தோறும் செலுத்தும் பங்கு, நான் கட்டுவதில் பாதிகூட இல்லை. விசுவாசிகள் ஒருவருக்கொருவர் உதவுவது ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுவதைவிட வேதத்துக்கு நெருக்கமானது என்று அவர்கள் சொல்லும்போது என் மனம் அதை ஏற்கிறது. ஆனால் மனைவி நான்கு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சென்ற ஆண்டு மருத்துவர் சொன்னார். நவம்பர் 14ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓஹாயோ சகோதரி

சகோதரரே, நாங்கள் ஆறு ஆண்டுகளாக இப்படி ஓர் ஊழியத்தில் இருக்கிறோம். என் கணவர் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் என்பதால், எங்களுக்கு அலுவலகக் காப்பீடு என்ற வாய்ப்பே இருக்கவில்லை. உங்கள் நிலைமைக்கும் எங்கள் நிலைமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இரண்டாவது மகள் சிசேரியனில் பிறந்தாள். சேர்ந்த பிறகே கருவுற்றிருந்ததால் பிரசவச் செலவு பகிர்வுக்குத் தகுதி பெற்றது. காப்பீடு இல்லாமல் நாங்களே கட்டுகிறோம் என்று மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் சொல்லி, முன்கூட்டியே பணம் கட்டினால் எவ்வளவு குறைப்பார்கள் என்று நானே போய்ப் பேசினேன். பிறகு ஒவ்வொரு ரசீதையும் அனுப்பி வைத்தோம். இரண்டு மாதங்களில், நாங்கள் பார்த்தே இராத குடும்பங்களிடமிருந்து காசோலைகள் வந்தன. பலவற்றுடன் கையால் எழுதிய ஜெபக் குறிப்பும், ஒன்றில் ஒரு சிறு பிள்ளை வரைந்த படமும் இருந்தன. அந்தக் கடிதங்களை இன்றும் வைத்திருக்கிறேன். கலாத்தியர் 6ஆம் அதிகாரம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்வதை அந்த நாட்களில் நான் கண்ணால் கண்டேன்.

ஆனால் வேலை அதிகம் என்பதையும் மறைக்க மாட்டேன். எந்த பில்லை யாருக்கு அனுப்பினேன், யார் இன்னும் கட்டணச் சீட்டு தரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதியே சமாளிக்கிறேன். பிள்ளைகளின் தடுப்பூசிகளும் ஆண்டுப் பரிசோதனைகளும் எங்கள் திட்டத்தில் பகிர்வுக்கு வராததால், அவற்றை நாங்களே கட்டுகிறோம்.

மறுமொழி 2: ஜார்ஜியா சகோதரர்

மேலே சகோதரி எழுதியதை நான் முழுவதும் நம்புகிறேன்; என் அண்ணன் குடும்பத்துக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் ஆண்டில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அவர் சேருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். மருத்துவர் அதைக் கோப்பில் எழுதியிருந்தார். அண்ணன் அதை மறந்தே போயிருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டி, இது முன்பே இருந்த நோய் என்று சொல்லி, செலவைப் பகிர மறுத்துவிட்டார்கள். விதிமுறைப் புத்தகத்தில் அது தெளிவாக எழுதப்பட்டிருந்ததால் அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 60,000 டாலருக்கு மேற்பட்ட பில் வீட்டுக்கு வந்தபோது, முறையிட மாநிலக் காப்பீட்டுத் துறை என்ற கதவும் எங்களுக்கு இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வரிச் சட்டம். அதன்படி விண்ணப்பித்துத்தான் பில்லின் பெரும்பகுதியைக் குறைத்தோம். தைராய்டும் சர்க்கரையும் ஏற்கெனவே கோப்பில் ஏறிவிட்ட குடும்பம் உங்களுடையது. நம் தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை எல்லைக்கோடு என்பது பல நேரங்களில் எங்கே போய் நிற்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுமொழி 3: வரிக் கணக்குப் பார்க்கும் சகோதரர்

மாதத் தொகையை மட்டும் ஒப்பிடுவதால் சில செய்திகள் கண்ணில் படாமல் போகின்றன. இந்த ஊழியங்கள் சட்டப்படி காப்பீடு அல்ல. உங்கள் செலவை ஏற்பதாக அவை ஒப்பந்தம் செய்வதில்லை என்பதை அவற்றின் படிவங்களிலேயே எழுதியிருப்பார்கள். 2010ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம், 1999 டிசம்பர் 31ஆம் தேதி முதல் இடைவிடாமல் இயங்கி வரும் ஊழியங்களின் உறுப்பினர்களுக்கு, காப்பீடு இல்லாதவர்கள் கட்ட வேண்டிய அபராதத்திலிருந்து விலக்களித்தது. 2019 முதல் அந்த மத்திய அபராதமே பூஜ்யமாகிவிட்டது. டெக்சாஸில் மாநில அபராதமும் கிடையாது. ஆகவே சேருவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் ஊழியத்தின் வயதைப் பாருங்கள். 2018இல் தோன்றிய ட்ரினிட்டி ஹெல்த்ஷேர், பிறகு ஷாரிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2021இல் திவால் மனு கொடுத்தது. உறுப்பினர்களின் பில்கள் கட்டப்படாமல் நின்றன. காப்பீட்டு நிறுவனம் நொடித்துப்போனால் கைகொடுக்கும் மாநில உத்தரவாத நிதி இவற்றுக்கு இல்லை.

அடுத்தது வரி. உங்கள் 1,180 டாலர் அனேகமாக வரிக்கு முன்பே பிடிக்கப்படுகிறது. பகிர்வுப் பங்கையோ வரி கட்டிய பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். பகிர்வு ஊழியத்தை மட்டும் வைத்துக்கொண்டு எச்எஸ்ஏ என்ற, மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கில் புதிதாகப் பணம் போடவும் முடியாது. இவற்றைக் கழித்துப் பார்த்தால் நீங்கள் காணும் வித்தியாசம் கணிசமாகச் சுருங்கும்.

நான் மிகவும் கவலைப்படுவது திரும்பி வரும் வழியைப் பற்றித்தான். வேலை போய் அலுவலகக் காப்பீட்டை இழந்தால், தனிநபர்களுக்கான அரசுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) காப்பீடு வாங்க 60 நாள் சிறப்பு அவகாசம் கிடைக்கும். பகிர்வு ஊழியத்தை விட்டு விலகுவது அப்படி ஓர் இழப்பாகக் கருதப்படுவதில்லை. மார்ச் மாதத்தில் மனைவிக்கு ஏதேனும் பெரிய நோய் தெரியவந்து, அது பகிர்வுக்கு வராது என்று சொல்லிவிட்டால், எல்லாரும் சேரக்கூடிய அடுத்த பொதுப் பதிவுக் காலம் வரை காத்திருந்து, ஜனவரியில்தான் காப்பீட்டுக்குள் நுழைய முடியும். அந்த ஒன்பது மாதங்களை எப்படிக் கடப்பீர்கள் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

யாரும் குறிப்பிடாத இன்னொரு வழியும் இருக்கிறது. முன்பெல்லாம் ஊழியருடைய தனிப் பிரீமியம் மலிவாக இருந்தாலே, குடும்பத்தார் எவருக்கும் அரசுச் சந்தையில் மானியம் கிடையாது. 2023 முதல், குடும்பத்துக்கான பிரீமியம் வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால் (2025இல் அது 9.02 ஆக இருந்தது), மனைவியும் பிள்ளைகளும் மானியத்துக்குத் தகுதி பெறலாம். நீங்கள் அலுவலகக் காப்பீட்டில் இருந்துகொண்டே அவர்களைச் சந்தையில் சேர்க்கலாம். அங்கே முன்பே இருந்த நோயைக் காட்டி எவரும் மறுக்கவோ, கூடுதல் பிரீமியம் கேட்கவோ முடியாது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நானும் மனைவியும் இதையெல்லாம் சேர்ந்து படித்தோம். ஆண்டுக்கு 14,160 டாலர் எங்கள் வருமானத்தில் அந்த விழுக்காட்டைத் தாண்டுகிறது என்பதைக் கணக்கிட்டோம். சபையில் எவருக்கும் இந்த 2023 மாற்றம் தெரிந்திருக்கவில்லை. குடும்பப் பிரீமியத் தொகையை எழுத்தில் தரும்படி மனிதவளப் பிரிவைக் கேட்டிருக்கிறேன். அது வந்ததும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சந்தையில் விலை பார்ப்போம். என்னைப் பொறுத்தவரை அலுவலகக் காப்பீட்டிலேயே இருப்பேன்.

ஜார்ஜியா சகோதரரே, எங்கள் இருவருடைய மருத்துவக் கோப்புகளின் நகலையும் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன்; சபையில் சேர்ந்திருக்கும் மூன்று குடும்பங்களையும் அப்படிச் செய்யச் சொல்லப் போகிறேன். அவர்களில் ஒருவர் இந்த ஆகஸ்டில்தான் சேர்ந்தார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஓஹாயோ சகோதரி, உங்கள் விதிமுறைப் புத்தகத்தில் இரத்த அழுத்தத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? பொதுப் பதிவுக் காலம் முடிவதற்குள் அவரிடம் பேச வேண்டும்.