ஜிப்ஸி: பட்டை மாற்றியபின் பின் ஷாஃப்டில் அதிர்வு

1997 மாடல் மாருதி ஜிப்ஸி, எம்ஜி413டபிள்யூ, கார்புரேட்டர் வண்டி. ஓடுவது கோத்தகிரி பக்கம். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட்டும் 215/75 ஆர்15 டயரும் போட்டதிலிருந்து, 60–65 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் தரை அதிர்கிறது. மிதித்தால் அடங்கிவிடுகிறது. கிளட்சை மிதித்து உருளவிட்டாலும் அதிர்வதால் இன்ஜின் காரணமில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துவிடும் பெட்டி) நியூட்ரலில் வைத்து, நிறுத்திய வண்டியில் நாலாவது கியர் போட்டு ரேஸ் செய்தேன், அதிர்வே இல்லை. அப்படியானால் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் நடுவில் உள்ள குட்டி ஷாஃப்டில் குறை இல்லை. டிரான்ஸ்ஃபரிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் பின் ஷாஃப்டைக் கழற்றி, 4ஹெச்-இல் (நாலு சக்கர ஓட்டம், ஹை கியர்) முன் சக்கரத்தால் மட்டும் ஓட்டினால் வண்டி அமைதி. ஆக, கோளாறு பின் ஷாஃப்டில்தான்.

அதன் இரண்டு ஜாயின்ட் கிராஸும் (யுனிவர்சல் ஜாயின்ட்டின் சிலுவைத் துண்டு) புதுசு. ஷாஃப்ட் பேலன்ஸ் செய்தாயிற்று, இரண்டு யோக்கும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபரின் மூன்று மவுண்ட் ரப்பரும் மாற்றியாச்சு. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் 2.5 டிகிரி ஆப்பு வைத்தபின் இரு ஃபிளாஞ்சும் (ஷாஃப்டின் முனைகளை போல்ட் போடும் தட்டு) ஒரு டிகிரிக்குள் இணை. பினியனில் (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சுழற்றும் பல்சக்கரம்) ஆட்டம் இல்லை.

மிஞ்சியது ஸ்லிப் ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல்வரிசை இணைப்பு. உயரம் கூடியதில் வெளியே இழுபட்டு நிற்கிறது; கையால் மேலும் கீழும் ஆட்டினால் 'டக்' என்று தட்டுகிறது. என் சந்தேகம் முழுக்க இதன்மேல்தான்.

ஃபிளாஞ்சில் 20 மி.மீ. ஸ்பேசர் போட்டு ஸ்ப்ளைனை உள்ளே தள்ளினால் போதுமா, அல்லது புது ஸ்லிப் யோக் போட்டு ஷாஃப்ட் குழாயையே நீளமாக்க வேண்டுமா?