புச்சி எமெச்செட்டா யாருக்காக எழுதினார்?

கரிசல்:
நைஜீரிய நாவலாசிரியை எமெச்செட்டாவின் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' (1974), 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' (1979) இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். கையில் எடுத்தால் வைக்க முடியாத எழுத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 1944இல் லாகோஸில் பிறந்தவர், 1962இல் கணவர் படித்துக்கொண்டிருந்த லண்டனுக்குப் போனார். 2017இல் இறந்ததும் அங்கேதான். இவர் கதைகளில் வரும், நைஜீரியாவின் இக்போ இனத்துக் கணவன் பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், அவளையே அடிக்கவும் செய்கிறான். வெள்ளைக்கார வாசகர்கள் ஆப்பிரிக்க ஆணைப் பற்றி ஏற்கெனவே நினைத்துவைத்திருந்ததும் இதுதானே? 1983இல் சிறந்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள், 2005இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டமும் கொடுத்தார்கள். தன் மணவாழ்க்கையின் கசப்பை ஒரு சமூகத்தின் தலையிலேயே கட்டிவிட்டார் என்று ஆப்பிரிக்க விமர்சகர்கள் சிலர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நெய்தல்:
அந்தக் கசப்பு என்னவென்றும் சொல்லிவிடுங்கள் கரிசல் சார். 16 வயதில் கல்யாணம். 22 வயதில், ஐந்தாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கணவரை விட்டு வெளியேறினார். அதற்கு முன்பே, அவர் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்துவிட்டார். அதை மறுபடி முதலிலிருந்து எழுதி 1976இல் 'தி பிரைட் பிரைஸ்' என்று வெளியிட்டார். இடையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலக வேலை, லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம், கூடவே ஐந்து பிள்ளைகள்.

வெள்ளைக்காரர்களைக் குளிரவைக்க எழுதினாராம்! 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' கதாநாயகி ஆடா லண்டனில் வீடு தேடி அலையும் பக்கங்களைப் படித்தீர்கள்தானே? கறுப்பர்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 'இன் தி டிட்ச்' (1972) முழுக்க, அரசு உதவிப்பணத்தில் வாழும் பெண்களை அந்த ஏற்பாடு எப்படிக் குனிய வைக்கிறது என்பதுதான். 1982இல் எழுதிய 'டெஸ்டினேஷன் பயாஃப்ரா'வில் நைஜீரிய உள்நாட்டுப் போரான பயாஃப்ரா போரில் பிரிட்டனின் பங்கையும் விட்டுவைக்கவில்லை. இதையெல்லாம் படித்து எந்த ஆங்கிலேயனுக்குக் குளிரும்?

பனையோலை:
நான் கரிசல் பக்கம், ஆனால் காரணம் வேறு. இன்னொரு நைஜீரிய எழுத்தாளர் ஃப்ளோரா ந்வாபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் 'எஃபுரு' எழுதினார். நைஜீரியாவிலேயே இருந்தார், அங்கேயே பதிப்பகம் நடத்தினார். அவருடைய எஃபுருவுக்கு இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை, பெற்ற ஒரே குழந்தையும் இறந்துபோகிறது. ஆனாலும் அவள் கைராசிக்கார வியாபாரி, ஏரித் தெய்வத்துக்கு உகந்தவள், ஊரே மதிக்கிறது. எமெச்செட்டாவின் பெண்களோ பட்டுப் பட்டே சாகிறார்கள். 'தி பிரைட் பிரைஸ்' முடிவில், பரிசப்பணம் கொடுக்கப்படாத அக்குன்னா பிரசவத்தில் இறக்கிறாள். ஊர்ப் பெரியவர்களின் சாபத்தையே பலிக்கவைத்துவிட்டார்!

நெய்தல்:
ந்வாபாவை இழுத்தது நல்லதாகப் போயிற்று. 'எஃபுரு'வின் கடைசி வரிகள் நினைவிருக்கிறதா? அந்த ஏரித் தெய்வத்துக்குப் பிள்ளையில்லை. தாய்மையின் சந்தோஷத்தை அறியாத அவளைப் பெண்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது. அந்தத் தாய்மையின் சந்தோஷத்தைத்தான் எமெச்செட்டா 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' என்று தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். அவருடைய ந்னு ஈகோ, முதல் குழந்தை இறந்ததும் லாகோஸின் கார்ட்டர் பாலத்திலிருந்து குதிக்கப் போகிறவள். அப்புறம் வரிசையாகப் பிள்ளைகள். மகன்களில் ஒருவன் அமெரிக்காவுக்கும் இன்னொருவன் கனடாவுக்கும் போகிறார்கள். அவள் சொந்த ஊரான இபூசாவில் தெருவோரத்தில் தனியாகச் செத்துக் கிடக்கிறாள். அதன் பிறகு ஊர் மெச்ச ஈமச்சடங்கு, அவள் பெயரில் ஒரு கோயில் வேறு. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வரமே தருவதில்லை. ந்வாபாவின் கேள்விக்கு இதைவிடக் கடுமையாக யார் பதில் சொன்னார்கள்?

பட்டுப் பட்டே சாகிறார்கள் என்கிறீர்களே, அதே வீட்டில் சக்களத்தி அடாகு இல்லையா? ஆண்பிள்ளை பெறவில்லை என்று இளப்பமாகப் பேசியதும், இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, வியாபாரம் செய்து, அவர்களைப் படிக்கவைக்கிறாள். 'தி ஸ்லேவ் கேர்ள்' (1977) நாவலில் சிறுமியை விற்பவன் அண்ணன், சரி. வாங்கி அடிமையாக வைத்திருப்பது ஒனிட்சா சந்தையின் பணக்கார வியாபாரிப் பெண். ஆண்களை மட்டும் குற்றம் சொல்ல நினைப்பவர் இதை ஏன் எழுத வேண்டும்?

கரிசல்:
அடாகுவை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி ஆண்களைப் பற்றியது.

நெய்தல்:
அப்படியானால் ந்னு ஈகோவின் கணவன் ந்னைஃபேயையே பாருங்கள். லாகோஸின் யாபா பகுதியில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் துணி துவைக்கிறான். துரைசாணியின் உள்ளாடையைக்கூட அவன்தான் துவைக்கிறான், ந்னு ஈகோவுக்கு அதைப் பார்க்கவே கூசுகிறது. அந்த வீட்டுச் சமையல்காரனின் மனைவி அவளிடம் சொல்வதன் சாரம் இதுதான்: நம் ஆட்கள் வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தே ஆண்களாக இருப்பதை மறந்துவிட்டார்கள். பின்னால் அவனை வலுக்கட்டாயமாகப் பட்டாளத்துக்கும் பிடித்துப் போகிறார்கள். எமெச்செட்டாவின் அப்பா ரயில்வேத் தொழிலாளி. அவரும் பிரிட்டிஷ் படையில் பர்மாவுக்குப் போனவர், அந்தப் போரில் பட்ட காயத்தால்தான் மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்தார். அப்படிப்பட்ட மகள் ந்னைஃபேயை வெறும் கொடுமைக்காரனாகவா எழுதியிருக்கிறார்?

கரிசல்:
ந்னைஃபே முழு மனிதன், சரி. ஆனால் ஆடாவின் கணவன் ஃபிரான்சிஸ்? அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று அரைப் பக்கம்கூட நின்று பார்க்கவில்லை. தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, அந்நிய ஊரில் அவமானப்படும் ஒருவனை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்திருக்கலாம். 1979இல் ந்னைஃபேக்குக் கிடைத்த இடம் 1974இல் ஃபிரான்சிஸுக்குக் கிடைக்கவில்லை. நாவலாக அது குறைதான், இதில் நான் மாறப்போவதில்லை.

பனையோலை:
இதில் நானும் உங்களோடுதான். நெய்தல் அக்கா, ஃபிரான்சிஸுக்கு என்ன பதில்?

நெய்தல்:
நீதிமன்றக் காட்சிதான் பதில். ஆடாவைத் தான் கல்யாணமே செய்யவில்லை என்று சொல்கிறான். பிள்ளைகளைத் தத்துக் கொடுத்தாலும் சம்மதம் என்கிறான். அவள், பிள்ளைகள் என்னுடையவர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். நாவல் முழுக்க அவளுடைய கண் வழியாகத்தான் போகிறது. அந்த நேரத்தில் நின்று அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க அவளுக்கு அவகாசம் இல்லை. இருந்ததாக எமெச்செட்டா எழுதியிருந்தால், நான் அந்தப் புத்தகத்தை நம்பியிருக்க மாட்டேன்.