லீஸுக்கு இருக்கும் வீட்டில் பேங்க் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்

கணபதி மாடிவீடு:

கோவை கணபதியில் ஒரு வீட்டின் மாடியில் 2022 ஜூன் முதல் குடியிருக்கிறோம். மாத வாடகை கிடையாது, ஏழு லட்சம் லீஸ். அதில் நாலு லட்சம் என் நகையை விற்றது. மீதி, வீட்டுக்காரர் லேத் பட்டறையில் போட்ட சீட்டுப் பணம். (வீட்டுக்காரர் என்றால் என் கணவர். இனி வீட்டுச் சொந்தக்காரரை ஓனர் என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.)

போன செவ்வாய் மத்தியானம் மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வந்து கேட்டில் ஒரு தாளை ஒட்டி, அதை போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மேலே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் 'சுவாதீன அறிவிப்பு' என்று தலைப்பு. ஓனர் பெயர், அவர் மனைவி பெயர், பாக்கி 38 லட்சத்துச் சொச்சம், நாலு எல்லை எல்லாம் இருக்கிறது. மாடியில் ஒரு குடும்பம் இருப்பதாக ஒரு வரிகூட இல்லை. ஓனர் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

எங்களுக்குத் தனியாக நோட்டீஸ் தர வேண்டாமா? எப்போது காலி செய்யச் சொல்வார்கள்? ஏழு லட்சத்தை பேங்க் தருமா? பையன் பத்தாவது படிக்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிக்காரன்:

பயப்படாதீர்கள் சகோதரி. குடியிருப்பவரை யாரும் அப்படிச் சட்டென்று கிளப்ப முடியாது, வாடகைச் சட்டம் இருக்கிறது. சிவில் கோர்ட்டில் ஒரு ஸ்டே வாங்கிவிட்டால் பத்து வருஷம் ஓடிவிடும்.

முன்னாள் வங்கி ஊழியர்:

மேலே தம்பி சொன்னதைத் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள் அம்மா. இது சர்ஃபாசி என்கிற 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது, கடன் கட்டாவிட்டால் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சட்டம். அதன் 34-ஆம் பிரிவு சிவில் கோர்ட் இதில் தலையிடுவதைத் தடுக்கிறது. நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவன். கடைசி ஆறு வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். நானும் இப்படித் தாள் ஒட்டியிருக்கிறேன். மேலே ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நோட்டீஸ் 13(2) பிரிவின்படி கடன்காரருக்கும் ஜாமீன்தாரருக்கும்தான் போகும். 60 நாள் கெடு. குடியிருப்பவருக்கு அனுப்பச் சொல்லிச் சட்டத்தில் இல்லை. கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் 13(4)-இன்படி சுவாதீனம் எடுப்பார்கள், அதாவது வீட்டைத் தங்கள் வசம் கொண்டுவருவார்கள். அதற்கான அறிவிப்பை வீட்டில் ஒட்ட வேண்டும், ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். நீங்கள் பார்த்தது இந்தத் தாள். பெரும்பாலும் இது காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம்தான். ஆளைக் கிளப்பிச் சாவி வாங்க 14-ஆம் பிரிவில் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ தனியாக உத்தரவு வாங்க வேண்டும். ஆகவே நாளைக் காலையிலேயே பூட்டு உடையாது.

ஆனால் உங்களுக்கான நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாள் ஒட்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். கோவையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். 2016 திருத்தத்தில் 17(4ஏ) என்று குடியிருப்பவர்களுக்காகவே ஒரு பிரிவு வந்தது. அங்கே பார்ப்பது தேதிகளை: வீட்டை அடமானம் வைத்தது எப்போது, நீங்கள் அக்ரிமெண்ட் போட்டது எப்போது, 13(2) நோட்டீஸ் வந்தது எப்போது. இந்த மூன்றையும் இங்கே எழுதுங்கள். அக்ரிமெண்டை ரிஜிஸ்டர் செய்தீர்களா?

கணபதி மாடிவீடு:

ஐயா, இன்று பிரவுசிங் சென்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 2019-லேயே பத்திரத்தை பேங்கில் வைத்தது பதிவாகியிருக்கிறது. குடிவரும்போது பார்க்கவில்லை. லீஸுக்குப் போகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பார்களா என்ன?

அக்ரிமெண்ட் 20 ரூபாய் பத்திரத்தில், 11 மாதத்துக்கு ஒன்று. ரிஜிஸ்டர் இல்லை. கடைசியாகப் புதுப்பித்தது 2025 மார்ச் 1. கேட்டில் இருக்கும் தாளில் 'ஜனவரி 20 தேதியிட்ட கேட்பு அறிவிப்பு' என்று போட்டிருக்கிறது. அதாவது நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் ஓனர் மேலே வந்து, டீ குடித்து, "விலைவாசி ஏறிவிட்டதே" என்று இன்னும் ஒரு லட்சம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். வளையலை வைத்துக் கொடுத்தேன்.

முன்னாள் வங்கி ஊழியர்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் சம்மதம் இல்லாமல் சொத்தை வாடகைக்கோ லீஸுக்கோ விடக் கூடாது என்று 13(13) சொல்கிறது. அதனால் மார்ச் அக்ரிமெண்ட் தீர்ப்பாயத்தில் நிற்காது. பழையவையும் பலமில்லை. அடமானத்துக்குப் பிறகு ஓனர் வாடகைக்கு விடலாம் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் நியாயமான வாடகை வர வேண்டும், முன்பணமாக வாடகையை வாங்கக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. நம் ஊர் லீஸ் என்பதே மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. இந்த இடத்தில்தான் லீஸுக்கு இருப்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றமும் ரிஜிஸ்டர் இல்லாத வாடகை ஒப்பந்தத்துக்குப் பெரிய பாதுகாப்பு இல்லை என்ற பக்கமே சாய்ந்தது.

ஏழு லட்சத்தையும் அந்த ஒரு லட்சத்தையும் வங்கி தராது. ஓனர் மேல் பண வழக்கு போடலாம், அதற்கு 34-ஆம் பிரிவு குறுக்கே வராது. நோட்டீஸை மறைத்துப் பணம் வாங்கியது மோசடிப் புகாருக்கு நல்ல ஆதாரம். ஒரு லட்சம் எப்படிக் கொடுத்தீர்கள்?

ஆவடி அக்கா:

எங்களுக்கு இரண்டு வருஷம் முன்பு இதே கதை, தொகை மட்டும் ஐந்து லட்சம். பேங்க் தாளில் கையெழுத்துப் போட்ட அதிகாரியை நேரில் போய்ப் பார்த்தோம். சண்டை போடவில்லை. மகளுக்குப் பரீட்சை, ஏப்ரல் கடைசியில் சாவி தருகிறோம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். காலி வீடு என்றால் ஏலத்தில் நல்ல விலை போகும், அவர்களுக்கும் அது லாபம்தான். வாய்தா கிடைத்தது. எதிர் வீட்டில் போகமாட்டேன் என்று இருந்தார்கள். ஒருநாள் வக்கீல் கமிஷனர், போலீஸ், பூட்டு உடைக்கிற ஆள் எல்லோரும் வந்து, கிரைண்டர் முதல் சாமி படம் வரை பட்டியல் போட்டு வெளியே வைத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை, வழக்கு நடக்கிறது.

கணபதி மாடிவீடு:

ஒரு லட்சம் ஜிபே. ஓனர் மனைவி நம்பருக்கு, மார்ச் 2 காலை.

முன்னாள் வங்கி ஊழியர்:

நல்ல வேளை. பேங்க் ஸ்டேட்மெண்டில் அந்த வரி இருக்கும், எடுத்து வையுங்கள். 2022 முதல் எல்லா அக்ரிமெண்டும், கேஸ் புக், பையனின் பள்ளி ரசீது என்று இந்த முகவரி உள்ள எதையும் தூக்கிப் போடாதீர்கள். 15100-க்குப் போன் செய்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

கணபதி மாடிவீடு:

இன்று போய் வந்தோம். 45 நாளில் 12 போய்விட்டது. வக்கீலம்மா மனுவும் போடலாம், ஆவடி அக்கா சொன்ன மாதிரி கடிதமும் கொடுக்கலாம், ஒன்றுக்கு ஒன்று தடையில்லை என்றார்கள். தேர்வு முடியும்வரை கேட்கப்போகிறோம். கேட்டில் ஒட்டிய தாள் நேற்று மழையில் கரைந்து தேதியே தெரியவில்லை. அன்றைக்கே என் பையன் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தான், அதைத்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.